சிஎன்சி ரவுட்டரில் ஸ்குரூ வழுக்குகிறதா? அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

சிஎன்சி ரவுட்டரில் (கணினிக் கட்டளைப்படி பலகையைச் செதுக்கும் இயந்திரம்) செதுக்கும் பெயர்ப் பலகையில் முதல் நான்கு எழுத்தும் பிசகில்லாமல் வந்து, ஐந்தாவதிலிருந்து எல்லாமே இரண்டு மி.மீ. இடப்பக்கம் தள்ளி விழுகிறது. இப்படி ஆனால் நிறையப் பேர் முதலில் கை வைப்பது மென்பொருளில். ஸ்டெப் எண்ணை மாற்றுவார்கள், ஜி-கோடை (இயந்திரத்துக்கான கட்டளைக் கோப்பு) மறுபடி எடுப்பார்கள், யுஎஸ்பி கேபிளை மாற்றுவார்கள். சின்ன ரவுட்டர்களில் பெரும்பாலும் காரணம் மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளரில் இருக்கும், கிரப் ஸ்குரூ எனப்படும் தலையில்லாத குட்டித் திருகுதான். அதற்காக எல்லாத் திருகையும் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினாலும் சரியாகாது. எங்கே வழுக்குகிறது என்று தெரியாமல் இறுக்கினால் கோளாறு கொஞ்ச நாள் மறைந்திருந்து, நல்ல தேக்குப் பலகை போட்ட அன்றைக்குத் திரும்ப வரும்.

நான் இங்கே மனதில் வைத்துப் பேசுவது 3018 வகை ரவுட்டரை. 300க்கு 180 மி.மீ. வேலைப் பரப்பு, நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார், 5 மி.மீ. மோட்டார் ஷாஃப்ட்டையும் 8 மி.மீ. டி8 லீட் ஸ்குரூவையும் (நட்டை நகர்த்தும் நீண்ட மரைத் தண்டு) இணைக்கும் அலுமினியக் கப்ளர், ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடும் போர்டு. பால் ஸ்குரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் வகை) போட்ட பெரிய ரவுட்டரில் மாறுபடும் விஷயங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். மோட்டாருக்கு ஒரு சுற்று 200 ஸ்டெப். டிரைவர் (மோட்டாரை ஓட்டும் சிப்) ஒவ்வொன்றையும் 16 ஆகப் பிரிக்கிறது, ஆக 3,200. ஸ்குரூ ஒரு சுற்று சுற்றினால் நட்டு 4 மி.மீ. நகர்கிறது. 3,200ஐ 4ஆல் வகுத்தால் 800. ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் ஜிஆர்பிஎல் செட்டிங்குகளான $100, $101, $102 மூன்றிலும் இருக்க வேண்டிய எண் இதுதான். 100 மி.மீ. கேட்டால் 50, 200 கேட்டால் 100 என்று எப்போதும் ஒரே விகிதத்தில் குறைந்தால் மட்டும் இந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள். உங்கள் ஸ்குரூ 2 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம்) உள்ளதாக இருக்கும். விலகல் ஒருநாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேறு மாதிரி இருந்தால் 800ஐத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழையபடி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

முதல் வேலை: ஒரு கோடு போடுங்கள்

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கப்ளரையும் அதன் இரண்டு பக்கத்தையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். கேரியேஜை (ஸ்குரூ நகர்த்தும் பாகம்) வேலையின் பூஜ்யப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கப்ளரின் மேல்பக்கத்தில் ஒரே நேர்க்கோடு. மோட்டாருக்கும் கப்ளருக்கும் நடுவே தெரியும் ஷாஃப்ட் துண்டில் ஆரம்பித்து, கப்ளர் முழுக்க ஓடி, ஸ்குரூவின் மரை மேல் முடிய வேண்டும். பெயின்ட் மார்க்கர் நல்லது, நகப்பூச்சும் போதும். சாதாரண மார்க்கர் மை எண்ணெய் பட்டால் அழிந்துவிடும். ஷாஃப்ட் கண்ணுக்கே தெரியாத அளவு கப்ளர் மோட்டாரை ஒட்டி இருந்தால், கப்ளரை இரண்டு மி.மீ. தள்ளி மாட்டுங்கள். அந்த இடைவெளி எப்படியும் தேவை. கப்ளர் மோட்டார் முகத்தில் உரசக் கூடாது.

இதே கோட்டை மூன்று அச்சிலும் போட்டுவிட்டு, பிழை வரும் அதே வேலையை வீணாகிற ஒரு எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) துண்டில் ஓட்டுங்கள். முடிந்ததும் கேரியேஜைப் பூஜ்யத்துக்கு வரச் சொல்லிவிட்டுக் கோட்டைப் பாருங்கள்.

ஷாஃப்ட்டும் கப்ளரும் சேரும் இடத்தில் கோடு உடைந்திருந்தால் மோட்டார் பக்கம் வழுக்குகிறது. கப்ளரும் ஸ்குரூவும் சேரும் இடத்தில் உடைந்திருந்தால் ஸ்குரூ பக்கம். கோடு உடையவே இல்லை, ஆனால் மேலே பார்க்க வேண்டிய கோடு பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது என்றால் கப்ளர் சரியாகத்தான் பிடித்திருக்கிறது, மோட்டார்தான் ஸ்டெப் தவறவிட்டிருக்கிறது. கோடு உடையாமல் மேல்நோக்கியே நிற்கிறது, கேரியேஜ் மட்டும் தள்ளி நிற்கிறது என்றால் நட்டு, நட்டைப் பிடிக்கும் திருகு, பேரிங் பக்கம் போங்கள். கோடும் சரி, கேரியேஜும் சரி, செதுக்கல் மட்டும் தப்பு என்றால் ஸ்குரூவுக்கு இதில் சம்பந்தம் இல்லை. பிட்டையும் பலகையையும் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மோட்டார் சரியாக ஒரு முழுச் சுற்றைத் தவறவிட்டாலும் கோடு மேல்நோக்கியே நிற்கும். ஆகவே கேரியேஜ் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்தும் பாருங்கள். 4 மி.மீ. என்று வந்தால் அது நட்டின் ஆட்டமாக இருக்க வாய்ப்பே இல்லை.

மோட்டார் சுற்றுகிறது, கேரியேஜ் அசையவே இல்லை

கண்டுபிடிக்க எளிதானது இது. கப்ளர் முற்றிலும் கழண்டிருக்கிறது, அல்லது நட்டின் மரை தேய்ந்து ஸ்குரூ மேல் வெறுமனே வழுக்குகிறது. ஸ்குரூவைக் கையால் சுற்றிப் பாருங்கள். கேரியேஜ் நகர்ந்தால் கப்ளர்தான். ஸ்குரூ சுற்றியும் நகரவில்லை என்றால் நட்டைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் நட்டில் மரை தேய்ந்து போவது உண்டு. பித்தளை நட்டு அத்தனை சீக்கிரம் போகாது. நட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை விரிசல் விட்டு, நட்டும் ஸ்குரூவோடு சேர்ந்து சுற்றுவதையும் பார்க்கலாம்.

வேலை போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது

கப்ளர் வழுக்கலின் அசல் முகம் இது. முதல் பாஸ் (ஒரு அடுக்கு வெட்டு) சரி, மூன்றாவது பாஸில் அரை மி.மீ., ஆறாவதில் ஒன்றரை. அளவுக்கு ஒரு ஒழுங்கும் இருக்காது. வேகத்தைக் குறைத்தால் பிழையும் குறையும். அதனால்தான் பலர் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிடிமானம் என்னவோ தளர்ந்தேதான் இருக்கிறது.

கோடு மோட்டார் பக்கம் உடைந்திருந்தால் கப்ளரைக் கழற்றி, ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நன்றாகப் பிடித்திருந்த கிரப் ஸ்குரூ ஷாஃப்ட் மேல் பிறை வடிவில் சின்னதாக ஒரு பள்ளம் போட்டிருக்கும், அவ்வளவுதான். வழுக்கியிருந்தால் அந்தப் பள்ளத்தில் ஆரம்பித்து ஷாஃப்ட்டைச் சுற்றி மோதிரம் மாதிரி பளபளவென்று ஒரு கீறல் ஓடும். கப்ளரின் துளைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்த்தால் கறுப்பாக ஒட்டும். அது அரைபட்ட அலுமினியத் தூள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை.

இந்த நிலையில் பழைய இடத்திலேயே மறுபடி இறுக்கினால் கிரப் ஸ்குரூவின் நுனி அதே கீறலில் போய் உட்காரும். உருண்டையான ஷாஃப்ட்டில் ஒரு கூரான நுனிக்குப் பிடிமானம் மிகக் குறைவு, வழுவழுப்பான கீறலில் இன்னும் குறைவு. ஷாஃப்ட்டில் ஒரு தட்டைப் பரப்பு வேண்டும். பல மோட்டார்கள் அந்தத் தட்டையோடுதான் வருகின்றன, 5 மி.மீ. ஷாஃப்ட் அந்த இடத்தில் 4.5 மி.மீ. அளக்கும். உங்கள் மோட்டாரில் தட்டை இருந்தால், இரண்டு கிரப் ஸ்குரூவில் ஒன்று அதன் நடுவில் நேராக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தட்டையின் விளிம்பில் இறங்கியிருந்தால் இறுக்கியது வீண்.

தட்டை இல்லையென்றால் நீங்களே போடலாம். மோட்டாரை ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, ஷாஃப்ட்டுக்கான ஓட்டை மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஸ்டெப்பருக்குள் இருக்கும் காந்தம் இரும்புத் தூளை இழுக்கும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் தூள் புகுந்தால் மோட்டார் அத்தோடு போச்சு. அதேபோல, சுத்தம் செய்யலாமே என்று மோட்டாரைப் பிரித்து ரோட்டரை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் காந்தப் பலம் குறைந்து இழுவை போய்விடும்.

ஷாஃப்ட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய தட்டை அரத்தால் நுனியிலிருந்து 12 மி.மீ. நீளத்துக்கு ஒரே திசையில் தேயுங்கள். அரை மி.மீ. ஆழம் போதும், கேலிப்பரில் 4.5 வந்ததும் நிறுத்துங்கள். விளிம்பில் எழும் பிசிறையும் பழைய கீறலைச் சுற்றி எழும்பியிருக்கும் மேட்டையும் லேசாகத் தேய்த்துவிடுங்கள். அந்த மேடு இருந்தால் கப்ளர் கோணலாக உட்காரும். பிறகு துடைத்து, டேப்பை மோட்டாரை விட்டு விலகும் திசையில் உரித்து எடுங்கள்.

மாட்டும்போது வரிசை முக்கியம். தட்டையில் இறங்கும் திருகை முதலில் பாதி இறுக்குங்கள், அப்புறம் மற்றதை, மறுபடி முதலாவதை முழுதாக. எம்4 கிரப் ஸ்குரூவுக்கு 2 மி.மீ. ஆலன் கீ, எம்3க்கு 1.5. ரவுட்டரோடு இலவசமாக வரும் ஆலன் கீயை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அதன் முனை உருண்டுபோய், கூடவே திருகின் அறுகோணத்தையும் உருட்டிவிடும். ஏற்கெனவே உருண்ட திருகை அப்படியே விடாமல் புதிதாகப் போடுங்கள். கடையில் நுனி குழிந்த கிரப் ஸ்குரூ என்று கேட்டு வாங்குங்கள். நுனி தட்டையானது கடிக்காது.

லாக்டைட் 243 ஒரு துளி போதும். மரையில் மட்டும் போடுங்கள், ஷாஃப்ட் மேல் பூச வேண்டாம். மரை எண்ணெய் இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். பக்கத்தில் அக்ரிலிக் அல்லது ஏபிஎஸ் பாகம் இருந்தால் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரிசல் விடும். சிவப்பு வகை இங்கே வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். ஷாஃப்ட்டையும் கப்ளரையும் சூப்பர் குளூ போட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிர்வில் அது நொறுங்கும், அதற்குப் பிறகு ஷாஃப்ட்டைச் சுத்தம் செய்வது தனி வேலை.

கோடு ஸ்குரூ பக்கம் உடைந்திருந்தால்

இங்கே சிக்கலே வேறு. டி8 ஸ்குரூவின் மேற்பரப்பு முழுக்க மரை. கப்ளரின் 8 மி.மீ. துளை மரையின் உச்சிகளை மட்டும்தான் தொடுகிறது. கிரப் ஸ்குரூவின் நுனி இரண்டு மரைக்கு நடுவில் சரிவான பக்கத்தில் இறங்கினால், இறுக்கும்போது அந்தச் சரிவில் வழுக்கிக் கீழே போகும். கைக்கு இறுகிய மாதிரி இருக்கும். அரை மணி நேர அதிர்வில் தளர்ந்துவிடும்.

கப்ளருக்குள் இருக்கும் முனையில், கிரப் ஸ்குரூ இறங்கும் இடத்தில், இரண்டு மூன்று மரை உச்சிகளை அரத்தால் தட்டையாக்குங்கள். பிசிறு துளியும் இருக்கக் கூடாது. அந்த முனை வழியாக நட்டை என்றாவது கழற்ற நேரும்போது, ஒரு பிசிறு பித்தளை மரையை உள்ளே முழுக்கக் கீறிவிடும்.

இதைவிட நல்ல வழி கப்ளரையே மாற்றுவது. பக்கவாட்டில் பிளவு விட்டு ஒரு திருகால் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வகைக் கப்ளர் ஷாஃப்ட்டைச் சுற்றிலும் பிடிக்கும், கீறலும் போடாது. ஆனால் அதன் துளை அளவு சரியாக இருக்க வேண்டும். லொடலொடவென்று இருந்தால், குளிர்பான டின்னை வெட்டிய ஒரு பட்டை இடைவெளி நிரப்பும் தற்காலிக ஷிம்மாக உதவும். அதன் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு லேத் பட்டறைக்குப் போவது. டி8 ஸ்குரூவில் மரையின் அடிவிட்டம் சுமார் 5.5 மி.மீ. முனையை 15 மி.மீ. நீளத்துக்கு 5 மி.மீ. விட்டமாகக் கடைந்தால் மரையே இல்லாத சுத்தமான ஷாஃப்ட் கிடைக்கும், 5க்கு 5 கிளாம்ப் கப்ளர் அதில் கச்சிதமாகப் பிடிக்கும். ஸ்குரூவின் மொத்த நீளம் போதுமா என்று மட்டும் முதலில் அளந்து பார்த்துவிடுங்கள். மையம் விலகாமல் கடையச் சொல்லுங்கள். கோணலாகக் கடைந்த முனை, வழுக்கல் போய்த் தள்ளாட்டம் வந்த கதையாகிவிடும்.

ஒவ்வொரு பாஸிலும் ஆழம் கூடிக்கொண்டே போகிறது

ஸ்குரூவைத் தொடும் முன் பிட்டைப் பாருங்கள். தூளை மேல்நோக்கி இழுக்கும் சுருள் வெட்டு எண்ட் மில் பிட் மரத்தைக் கடிக்கும்போது தன்னையே கீழே இழுத்துக்கொள்ளும். காலட் (பிட்டைக் கவ்வும் பிளவுள்ள வளையம்) சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பிட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், ஆழம் கூடும், பழி இசட் (மேலும் கீழும் நகர்த்தும்) ஸ்குரூ மேல் விழும். பிட்டின் காம்பில் காலட் விளிம்பை ஒட்டி மார்க்கரால் ஒரு வளையம் போட்டுவிட்டு ஓட்டுங்கள். வளையம் கீழே இறங்கியிருந்தால் காலட்தான் குற்றவாளி. இஆர்11 காலட்டை முதலில் நட்டுக்குள் ‘டக்’ என்று உட்கார வைத்து, அப்புறம்தான் ஸ்பிண்டிலில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) மாட்ட வேண்டும். காலட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு மேலே நட்டை மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. காலட்டுக்குள் சேர்ந்த மரத்தூளும் இதே வேலையைச் செய்யும்.

பிட் சரி என்றால் இசட் கப்ளர். மற்ற அச்சுகளில் வெட்டும்போது மட்டும்தான் சுமை. இசட்டில் ஸ்பிண்டிலின் எடை எந்நேரமும் தொங்குகிறது. அதனால் கப்ளர் தளர்ந்தால் விலகல் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும்.

மூன்றாவது காரணம் ஒரு செட்டிங். ஜிஆர்பிஎல்லில் $1 என்பது நகர்வு நின்ற பிறகு மோட்டாருக்கு எத்தனை மில்லி செகண்ட் மின்சாரம் தொடர வேண்டும் என்பது. இயல்பாக 25 இருக்கும். அதாவது பிட் மாற்ற நிறுத்தினால் அடுத்த நொடியே மோட்டார் கையை விட்டுவிடும். 2 மி.மீ. லீட் உள்ள டி8 தானாகச் சுற்றாது. 8 மி.மீ. லீட் உள்ளது ஸ்பிண்டிலின் எடைக்கே சுற்றி இறங்கும். 4 மி.மீ. இரண்டுக்கும் நடுவில்: சும்மா நிற்கும்போது நிற்கும், ஸ்பிண்டில் அதிர்வில் மெதுவாக இறங்கும். $1=255 என்று வைத்துவிட்டால் மோட்டார்கள் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். மோட்டார் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அது பரவாயில்லை.

ஒரே தாவலாக விலகுகிறது, அப்போது ‘கர்ர்ர்’ என்று சத்தம்

கோடு உடையாமல் திரும்பி நிற்கும் வகை இது. கப்ளரை விட்டுவிடுங்கள். மோட்டாரால் இழுக்க முடியவில்லை.

இதை உறுதிப்படுத்த ஒரு நல்ல அளவுகோல் உண்டு. 200 ஸ்டெப் மோட்டார் பிடியை இழந்தால் மறுபடி பிடிப்பது நான்கு முழு ஸ்டெப் தள்ளித்தான், அல்லது அதன் மடங்கில்தான். நான்கு ஸ்டெப் என்பது ஐம்பதில் ஒரு சுற்று. 4 மி.மீ. லீட் ஸ்குரூவில் அது 0.08 மி.மீ. ஆகவே ஸ்டெப் தவறினால் விலகல் 0.08, 0.16, 0.24 என்று படிப்படியாகத்தான் இருக்கும். டயல் கேஜ் வைத்து அளக்கும்போது இந்தப் படிகளில் வந்து நின்றால் ஸ்டெப் தவறல். எந்தப் படிக்கும் பொருந்தாமல் கண்டபடி வந்தால் இயந்திர வழுக்கல்.

காரணம் தேடும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் $120, $121, $122 ஆகிய முடுக்க எண்களைப் பாதியாக்கி ஓட்டுங்கள். பிழை நின்றால் முடுக்கம் அதிகம், அல்லது அந்த அச்சு எங்கோ இறுக்கமாக இருக்கிறது. அப்புறம் டிரைவரின் மின்னோட்டம். ஏ4988 டிரைவரில் சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம் என்றால், வேண்டிய ஆம்பியரை 0.8ஆல் பெருக்கினால் விரெஃப் (மின்னோட்டத்தை நிர்ணயிக்கும்) மின்னழுத்தம் கிடைக்கும்; 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். அந்த ரெசிஸ்டரில் ஆர்100 என்று எழுதியிருக்கும். வேறு எண் இருந்தால் கணக்கும் மாறும். மிகக் கூட்டினாலும் ஆபத்து. சிப் சூடேறித் தன்னைத்தானே ஒரு கணம் நிறுத்திக்கொள்ளும், அந்தக் கணத்தில் இடம் தவறிவிடும். சிப் மேல் ஹீட்சிங்க்கும் பக்கத்தில் ஒரு குட்டி ஃபேனும் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

மோட்டார் சுற்றாமல் இரண்டு பக்கமும் நடுங்கினால் நான்கு கம்பியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கனெக்டரை ஆட்டிப் பார்க்கும் ஆசை வரும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் அப்போதே எரியும். அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

வட்டம் வட்டமாக வரவில்லை

வட்டத்தின் நான்கு ஓரத்திலும் சின்னத் தட்டை விழுகிறது, ஆனால் விலகல் சேர்ந்துகொண்டே போகவில்லை. இது வழுக்கல் ஆகாது, ஆட்டம். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்குரூ கொஞ்சம் வெறுமனே சுற்றிவிட்டு அப்புறம்தான் கேரியேஜை இழுக்கிறது. எத்தனை முறை ஓட்டினாலும் அளவு மாறாது.

மோட்டார் பிடித்திருக்கும் நிலையில், ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு, கேரியேஜை இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே கப்ளரைப் பாருங்கள். சுருள் வெட்டுக் கப்ளராக இருந்தால் வெட்டுகள் திறந்து மூடுவது கண்ணுக்கே தெரியும். ஸ்குரூவின் நீளவாக்குச் சுமை முழுதும் கப்ளர் மேல் விழுகிறது என்று அர்த்தம். அதை வாங்க வேண்டியது ஸ்குரூவின் மறுமுனையில் இருக்கும் பேரிங். அந்தப் பேரிங்கின் உள்வளையத்திலும் குட்டியாக கிரப் ஸ்குரூ இருக்கும், அது தளர்ந்திருந்தால் ஸ்குரூ நீளவாக்கில் நீந்தும். ஸ்குரூவை மோட்டாரை விட்டு லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை இறுக்குங்கள். சில ரவுட்டர்களில் மறுமுனையில் ஒன்றுமே இருக்காது, சுமையெல்லாம் மோட்டாரின் பேரிங் மேல்தான். நெமா 17 மோட்டார் அந்தத் திசையில் தாங்குவது சுமார் 10 நியூட்டன்தான். அப்படிப்பட்ட ரவுட்டரில் 8 மி.மீ. துளையுள்ள கேஎஃப்எல்08 பேரிங் ஒன்று வாங்கிப் பொருத்துவது செலவழித்த காசுக்குப் பலன் தரும் மாற்றம்.

கப்ளர் அசையவில்லை, கேரியேஜ் மட்டும் ஆடுகிறது என்றால் நட்டைப் பிடிக்கும் எம்3 திருகுகளை இறுக்குங்கள். அதுவும் சரி என்றால் நட்டு தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டுப் போட்டால் ஆட்டம் போகும்.

ஒரே இடத்தில் மட்டும் சிக்குகிறது அல்லது வழுக்குகிறது

கேரியேஜ் நடுவில் சுகமாக ஓடி, ஒரு கோடிக்கு வரும்போது மட்டும் பிழை வந்தால் ஸ்குரூவும் வழிகாட்டித் தண்டும் இணையாக இல்லை. கப்ளரைத் தளர்த்திவிட்டு ஸ்குரூவை விரலால் சுற்றிக் கேரியேஜை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கொண்டுபோங்கள். எங்கே விரலுக்கு அழுத்தம் கூடுகிறதோ அந்தக் கோடியில் கேரியேஜை நிறுத்தி, அங்கிருக்கும் பேரிங் அல்லது மோட்டார் தாங்கித் திருகுகளைத் தளர்த்துங்கள். அது தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்த நிலையிலேயே இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இறுக்கம் வந்து போனால் ஸ்குரூ வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் உருட்டினால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். மாற்றிவிடுங்கள், நேராக்க முயல்வதில் நேரம்தான் போகும்.

மரைக்குள் மரத்தூள் கெட்டியாக அப்பியிருந்தாலும் இப்படிச் சிக்கும். எம்டிஎஃப் தூளும் கிரீஸும் சேர்ந்தால் களிம்பு மாதிரி ஆகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்துவிட்டு, கெட்டி கிரீஸுக்குப் பதில் மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். கப்ளர் பக்கம் எண்ணெய் ஒழுக விட வேண்டாம்.

இரண்டு ஸ்குரூ உள்ள ரவுட்டர், பால் ஸ்குரூ

ஒய் அச்சில் பக்கத்துக்கு ஒரு ஸ்குரூவும் மோட்டாரும் உள்ள ரவுட்டரில் ஒரு கப்ளர் மட்டும் வழுக்கினால் பாலம் கோணிக்கொள்ளும். சதுரம் கேட்டால் சாய்சதுரம் வரும். 300க்கு 400 மி.மீ. செவ்வகம் ஒன்றை வரையச் சொல்லி இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் 500 இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் இரண்டு கப்ளரிலும் போட்ட கோட்டைப் பாருங்கள், எது என்று உடனே தெரியும்.

1605 பால் ஸ்குரூவில் முனை ஏற்கெனவே கடையப்பட்டு மரையில்லாமல் இருக்கும், அதனால் கிளாம்ப் கப்ளர் நன்றாகப் பிடிக்கும். லீட் 5 மி.மீ. என்பதால் மேலே சொன்ன 0.08 இங்கே 0.1 ஆகும். இங்கே வழக்கமாகத் தளர்வது பிகே12 தாங்கியின் லாக்நட்டு. அதிலிருக்கும் குட்டி கிரப் ஸ்குரூவைத் தளர்த்தாமல் லாக்நட்டைத் திருப்பாதீர்கள், ஸ்குரூவின் மெல்லிய மரை கெட்டுவிடும். தாடைக் கப்ளராக இருந்தால் நடுவிலிருக்கும் நட்சத்திர வடிவ பாலியூரித்தேன் துண்டையும் பாருங்கள். கிழிந்திருந்தால் ஆட்டம் அங்கிருந்துதான். எதற்காகவும் பால் நட்டை ஸ்குரூவின் முனைக்கு வெளியே ஓட்டாதீர்கள், குண்டுகள் எல்லாம் தரையில் உருண்டுவிடும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க

வி-பிட் மாட்டி, ஒரு எம்டிஎஃப் துண்டில் பூஜ்யத்தில் லேசாக ஒரு புள்ளி குத்துங்கள். பிட்டைத் தூக்கிவிட்டு, எக்ஸிலும் ஒய்யிலும் 50 மி.மீ. முன்னும் பின்னுமாக முழு வேகத்தில் 20 முறை ஓடவிட்டு, மறுபடி அதே இடத்தில் குத்தச் சொல்லுங்கள். காற்றில் ஓடித் தேறிய பிறகு அதையே வெட்டும் சுமையோடு செய்யுங்கள்: அரை மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளத்தைப் பல பாஸில் வெட்டி, முடிவில் மூன்றாவது புள்ளி. மூன்றும் ஒரே குழியில் விழ வேண்டும். காற்றில் தேறிச் சுமையில் தவறினால் பிடிமானம் இன்னும் போதவில்லை, கோட்டுக்குத் திரும்புங்கள்.

கோட்டை அழிக்காமல் விட்டுவையுங்கள். கிளாம்ப் கப்ளர் என்றால் முதல் இரண்டு மூன்று வேலைக்குப் பிறகு ஒருமுறை ஆலன் கீ போட்டுப் பாருங்கள், கொஞ்சம் உள்ளே போகலாம். லாக்டைட் போட்ட கிரப் ஸ்குரூவை மட்டும் கோடு உடையாதவரை தொடாதீர்கள். திருப்பினால் காய்ந்த பிடி விட்டுவிடும், மறுபடி சுத்தம் செய்து புதிதாகப் போட வேண்டியிருக்கும்.